பலாமரத்தில் அடித்த ஆணி

அன்புள்ள தம்பிக்கு,

போன திங்கட்கிழமை உனக்கு ஓர் இன்லேண்ட் லெட்டர் போட்டேன். அது வந்து சேர்ந்திருந்தால் கிழித்துப் போடு. இந்தக் கடிதம் முந்திக்கொண்டு அது பிந்தி வந்தால், பிரிக்காமலே அடுப்பில் போடு. கோமதி கண்ணில் பட்டிருந்தால், எழுதியவள் ஒரு பயந்தாங்கொள்ளி என்று அவளிடம் சொல்லிவிடு. நலம் விசாரிக்காமல் அம்மா எடுத்த எடுப்பில் இப்படி எழுதுகிறாளே என்று நினைக்காதே. நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. குற்றாலத்தில் சாரல் தொடங்கப் போகிறது என்றால் முதலில் சொல்வது அவர் முழங்கால்தான். ரேடியோவில் மறுநாள்தான் சொல்லுவார்கள்.

நீ எழுதியதை நாலைந்து தடவை படித்துவிட்டேன். குழந்தை பிறந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனதிலிருந்து கோமதி வாய் திறப்பதில்லை, தலை வாருவதில்லை, குழாயைத் திறந்துவிட்டு விழுகிற தண்ணீரைப் பார்த்தபடியே நிற்கிறாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று எழுதியிருந்தாய். காற்றுச் சேட்டை, பேய் பிடித்திருக்கிறது என்று அவள் அம்மா சொல்கிறாளாம். போதாததற்கு, கல்யாண வீட்டில் உன்னைப் பார்த்த பெரிய அத்தை, "ஒங்கம்மைக்கும் இப்படித்தாம்லே இருந்துச்சு. இலஞ்சித் தோப்புல கொண்டுபோயி ஆணி அடிச்சோம். மறுநா எந்திரிச்சு மாவாட்டுனா, பாத்துக்கோ" என்றாளாம். அது உண்மையா, கோமதியையும் அங்கே கூட்டி வரலாமா என்று கேட்டிருந்தாய். நான் நாலே வரியில் பதில் எழுதினேன். உண்மைதான், கூட்டி வா, பழைய பூசாரியின் மகன் இப்போது பக்கத்துத் தோப்பில் பார்க்கிறான், அமாவாசைக்கு முன்னால் வந்தால் நல்லது என்று எழுதி, ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டு வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிடும்போது உன் அப்பா, தம்பிக்கு என்ன எழுதினாய் என்று கேட்டார். சொன்னேன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து பட்டறைக்குப் போனார். வீணைத் தந்தி முறுக்கும் பிருடைக் கட்டைகளைப் போட்டு வைக்கும் பழைய தகர டப்பாவைத் துழாவி, ஒரு ஆணியைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "ஒருக்க அடிச்சது போதாதாட்டி?" என்றார். அவ்வளவுதான். அந்த ஆணியை நீயும் பார்த்திருக்கிறாய். சின்ன வயதில் எடுத்து விளையாடியபோது உன் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். அடித்ததே இல்லாத அப்பா அன்றைக்கு ஓங்கிவிட்டார் என்று நீ ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்.

அந்த ஆணியின் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேராக அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. மரத்தைப் பற்றிச் சொன்னால் வாய் வரும், அதனால் அங்கே தொடங்குகிறேன். நீ மேலகரத்துப் பட்டறையில், மரத்தூளில் புரண்டு வளர்ந்த பிள்ளை. ஆனால் ஒரு நாளாவது அப்பா என்ன செய்கிறார் என்று நின்று பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டால் பையை எறிந்துவிட்டு அருவிக்கரைக்கு ஓடுவாய். அதனால் உனக்குத் தெரியாததை எல்லாம் கொஞ்சம் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

கதவு, கட்டில், ஏர் என்று செய்துகொண்டிருந்த குடும்பத்தில், உன் அப்பா மட்டும் கல்யாணத்துக்கு முன் தஞ்சாவூர்ப் பக்கம் நான்கு வருடம் இருந்து வீணை செய்யக் கற்றுக்கொண்டு வந்தார். வீணைக்குப் பலாமரம்தான். பலாவிலும் வயதான மரத்தின் நடுவில் மஞ்சள் ஏறி இறுகியிருக்கும் வைரம்தான் வேண்டும். சுற்றியிருக்கும் வெளுப்பில் புழு விழும், அதைச் செதுக்கித் தள்ளிவிடுவார். ஒரு கட்டை வந்தால் இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வருவார். விரல் முட்டியால் தட்டுவார், காதை வைப்பார், தண்ணீர் தெளித்து ஈரம் எந்த வழியில் ஓடுகிறது என்று பார்ப்பார். குறை இல்லாத மரம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அவருக்கும் அது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு கட்டையிடமும், "ஏலே, எங்கனலே ஒளிச்சு வச்சிருக்க? நீயாச் சொல்லுதியா, நா தேடட்டா?" என்று சண்டை பிடிப்பார். தெருவில் போகிறவர்கள் யாரோ வேலைக்காரனைத் திட்டுகிறார் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

கணு இரண்டு வகை. கிளை உயிரோடு இருக்கும்போது மரம் வளர்ந்து சூழ்ந்த கணு, மரத்தோடு ஒட்டி இறுகியிருக்கும். அதைத் தொடமாட்டார், உளி அங்கே வந்தால் திசையை மாற்றிக்கொள்வார். கிளை செத்துப்போன பிறகு மரம் அதைச் சுற்றி வளர்ந்திருந்தால் அது செத்த கணு. கறுப்பாக ஒரு வளையம் இருக்கும், தட்டினால் சத்தம் அங்கே மட்டும் மொத்தென்று விழும். அதை அப்படியே விட்டால் என்றைக்காவது கழன்று வீணைக் குடத்துக்குள் விழுந்து கடகடவென்று உருளும். அதை முழுக்கத் தோண்டி எடுத்துவிட்டு, அதே மரத்தில் அதே நார் ஓட்டத்தில் ஒரு துண்டு இழைத்து, வச்சிரம் காய்ச்சி ஒட்டுவார். நூல் வெடிப்பு கண்டால் அது முடிகிற இடத்தைத் தேடிப் பிடித்து, உள்பக்கத்திலிருந்து குறுக்கே ஒரு சின்னக் கட்டை பதிப்பார். வெடிப்பின் நடுவில் வைத்தால் பயனில்லை, அது எங்கே போய்க்கொண்டிருக்கிறதோ அங்கேதான் தடுக்க வேண்டும் என்பார்.

நான் அவருக்கு வச்சிரம் காய்ச்சிக் கொடுப்பேன், மரத்தூள் சலித்துக் கொடுப்பேன். எனக்கென்று ஒரு கெட்டிக்காரத்தனமும் இருந்தது. அரக்கை உருக்கி, அடுப்புக் கரியும் மஞ்சளும் கலந்து, மரத்தின் நிறத்துக்கே கொண்டுவந்துவிடுவேன். எந்தக் குறையையும் அதை வைத்து மூடினால் உன் அப்பாவுக்கே கண்டுபிடிக்க நேரமாகும். "இவ்வளவு பாடு எதுக்கு? மெழுகி விட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்று நான்தான் கேட்பேன். "மரத்துக்குத் தெரியும்லாட்டி" என்பார் அவர். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். மூடி மறைப்பதில் உன் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது, தம்பி. இந்தக் கடிதமே அதற்குத்தான்.

உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். இது உனக்குத் தெரியாது. ஐம்பத்தொன்றோ ஐம்பத்திரண்டோ, மாசி மாதம். ஒன்பது நாள் இருந்தாள். நம் வீட்டு வழக்கப்படி பதினாறாம் நாள்தான் பெயர் வைப்பது. பெயர் வைக்காத பிள்ளைக்கு அழக்கூடாது, அழுதால் அடுத்தது தங்காது என்று எல்லாரும் என் வாயைப் பொத்தினார்கள். தோட்டத்து மூலையில் புதைத்துவிட்டு வந்து, கையைக் கழுவி, சாப்பிட உட்கார்ந்தார்கள். எனக்குப் பால் கட்டி மார்பு கல்லாக இருந்தது. நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயமாக இருந்தது. ஒரு மாதம் அப்படி இருந்தேன். கோமதி குழாயடியில் நிற்கிறாள் என்று எழுதியிருந்தாயே, நான் கிணற்றடியில் நின்றேன். அதனால்தான் உன் அத்தை பயந்துபோனாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். கிணற்றடியில் ஒருத்தி நின்றுகொண்டே இருந்தால் யாருக்கும் பயம் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என்னை இலஞ்சிக்குக் கூட்டிப் போனார்கள். தென்னந்தோப்பின் ஓரத்தில் வரிசையாக நான்கு பலாமரம் நிற்கும். கோயில் ஒன்றும் கிடையாது, ஒரு கல்லும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். பூசாரி வயதானவர். உடுக்கை அடித்தார், கேள்வி கேட்டார், நான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. கடைசியில் என் உச்சி முடியில் ஒரு கொத்தை எடுத்து ஆணியில் சுற்றி, என்னை மரத்தோடு சேர்த்து நிறுத்தி, ஆணியை மரத்தில் வைத்தார்கள். ஆணி முழுக்க இறங்கிய பிறகுதான் முடியை அறுப்பார்கள். அதுவரை தலை மரத்தோடு கட்டுண்டு இருக்கும். பூசாரிக்குக் கை நடுக்கம். முதல் அடி சரிந்து விழுந்தது, ஆணி கோணிவிட்டது. இரண்டாவது அடியில் இன்னும் கோணியது. எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்த உன் அப்பாவுக்கு ஆணி கோணி நின்றால் பொறுக்காது. இன்றைக்கும் பக்கத்து வீட்டில் யாராவது காலண்டர் மாட்ட ஆணியைக் கோணலாக அடித்தால் எழுந்து போய்விடுவார், உனக்குத் தெரியும். அன்றைக்கும் அப்படித்தான். "தள்ளும் வே" என்று பூசாரியை விலக்கிவிட்டு, சுத்தியலை வாங்கி, ஆணியை நிமிர்த்தி, மூன்றே அடி. நேராக இறங்கியது. என் காதுக்கு ஒரு சாண் மேலே.

மறுநாள் நான் எழுந்து மாவாட்டினேன் என்று உன் அத்தை சொன்னது உண்மை. பேய் போனதால் இல்லை. அடுத்த ஆணி எங்கே அடிப்பார்களோ என்று பயந்து எழுந்தேன். குளித்தேன், பொட்டு வைத்தேன், வந்தவர்களிடம் சிரித்தேன். எல்லாருக்கும் சந்தோஷம். அத்தை பூசாரிக்கு ஒரு கருஞ்சேவல் கொடுத்தாள். இரண்டு வருடத்தில் நீ பிறந்தாய். உன் பிறப்பு ஆணியின் புண்ணியம் என்று சொல்லிக்கொண்டார்கள், நானும் தலையாட்டினேன். அரக்கும் கரியும் கலந்து பூசுவது எனக்குக் கைவந்த கலை அல்லவா, என்மேலேயே பூசிக்கொண்டேன். உன் அப்பா பட்டறையில் சுத்தியலை எடுத்தால் மட்டும் நான் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் பத்து வருடம் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

எட்டு வருடம் கழித்து, நீ ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது, தென்காசியில் ஒரு பாட்டு டீச்சர் அப்பாவிடம் வீணை செய்யச் சொன்னார். நல்ல பலாக்கட்டை கிடைக்காமல் அப்பா பண்பொழி, செங்கோட்டை என்று நாலு மாதம் அலைந்தார். கடைசியில் இலஞ்சித் தோப்புக்காரர் தென்னை வைப்பதற்காகப் பலாமரங்களை வெட்டுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனார். தேய்பிறையில் வெட்டினால்தான் புழு விழாது என்று நாள் பார்த்து வெட்டச் சொல்லி, ஒரு மரத்தின் அடிக்கட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாலு மரத்தில் அது எந்த மரம் என்று அவர் யோசிக்கவில்லை. எட்டு வருடத்தில் பட்டை மூடி வளர்ந்து, ஆணி இருந்த அடையாளமே இல்லை. கட்டையைத் தட்டிக் காட்டி, "கேளுட்டி, வெண்கலம் கணக்கா இருக்கு" என்று குதித்தார். நானும் காதை வைத்துக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஒரு வருடத்துக்கு மேல் நிழலில் கிடந்து காய்ந்த பிறகு, அதை அறுக்க இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் குழிக்குள்ளும் ஒருவர் மேலேயும் நின்று இழுக்கும் பெரிய வாள். பாதி அறுத்திருப்பார்கள், கிறீச்சென்று ஒரு சத்தம், வாளில் மூன்று பல் போய்விட்டது. மேலே நின்றவர் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இரும்பு கெடக்கு" என்றார். அப்பா உளியை எடுத்துப் பக்கத்தில் கொஞ்சம் செதுக்கினார். ஆணித் தலையும், அதைச் சுற்றி மரம் மைபோலக் கறுத்திருந்ததும் தெரிந்தன. பலாவில் இரும்பு கிடந்தால் அப்படித்தான் கறுக்கும். அதன் கழுத்தில் சுற்றிய முடியும் தெரிந்தது. அறுக்க வந்தவர்கள் வாளைத் துடைத்துத் தோளில் போட்டார்கள். "இது பேய் ஆணி அண்ணாச்சி. பிள்ளகுட்டிக்காரங்க நாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அரை மணி நேரத்தில் அத்தை ஓடி வந்தாள். "ஆணியப் புடுங்கிராத. புடுங்குனா மறுபடி அவ மேலதான் வந்து ஏறும். கட்டையோட கொளுத்திப்புடு" என்றாள். அப்போது ஆடிச் சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. வீட்டு அடுப்பே எரியவில்லை, கட்டையை எங்கே கொளுத்துவது?

அத்தை போன பிறகு நாங்கள் இருவரும் பட்டறையில் நின்றோம். அவருக்கு அந்த ஆணியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரண்டு இடத்தில் கோணி, நிமிர்த்தப்பட்ட ஆணி. தான் நிமிர்த்தியதை அவருக்கு மறக்குமா? நான் அரக்குச் சட்டியை எடுத்தேன். பாதி அறுத்ததைக் கைவாளால் நாமே அறுத்து முடித்து, ஆணியை உள்ளேயே விட்டு மேலே மெழுகிவிடலாம் என்றேன். அந்த இடத்தை வெட்டி எறிந்தால் குடத்துக்கு அகலம் போதாது. அவர் தலையை ஆட்டினார். இரும்பு உள்ளே கிடந்தால் ஒவ்வொரு மழைக்கும் துரு ஊதும், மரத்தைப் பிளந்துவிடும், எடுத்தே ஆக வேண்டும் என்றார். அதை என்னைப் பார்க்காமல், கட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

துருப்பிடித்த ஆணியை அப்படியே இழுத்தால் மரமும் சேர்ந்து பிய்ந்து வரும், இல்லையென்றால் ஆணி பாதியில் ஒடியும். முதலில் தலையில் ஒரே ஒரு தட்டு தட்டி ஒரு நூல் அளவு உள்ளே இறக்க வேண்டும். அப்போதுதான் துருவின் பிடி விடும். பிறகு குறடு போட்டுப் பையப் பைய வெளியே எடுக்கலாம். அப்பா தலையைச் சுற்றிச் செதுக்கி இடம் பண்ணினார். சுத்தியலை எடுத்தார். ஓங்கினார், இறக்கிவிட்டார். மறுபடி ஓங்கினார். "ஏட்டி, கை வரமாட்டேங்கு" என்றார். பிறகு, "அன்னைக்கி நா ஆணியத்தாம்ட்டி பாத்தேன். ஒன்னப் பாக்கல" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது, தம்பி. பத்து வருடக் கோபம். அவர் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கினேன். அவர் பின்னால் நகர்ந்துவிட்டார், அவர் தலையில்தான் போடப் போகிறேன் என்று நினைத்திருப்பார். நான் ஆணித் தலையில் ஒரு தட்டு தட்டினேன். கிர்ரென்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. "போதும், போதும், விட்டுருச்சு" என்றார். குறடு போட்டு அவர் இழுக்க, கட்டையை நான் பிடித்துக்கொண்டேன். ஆணி வந்தது. அதோடு ஒரு சுருள் முடியும் வந்தது, பத்து வருடம் மரத்துக்குள் இருந்தும் கறுப்பு மாறாத என் முடி. எனக்கு அப்போதே முன்வகிட்டில் நரைத்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான், "செண்பகம்" என்றேன்.

"யாரு?" என்றார். "நம்ம பிள்ள. பதினாறாம் நாளு வைக்கணும்னு நா நெனச்சு வச்சிருந்த பேரு" என்றேன். யாரிடமும் சொல்லாத பெயர். உன் அப்பா மரத்தூளில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம், "அவளுக்கு வலது காதுல மட்டும் ஒரு மடிப்பு இருக்கும். எங்கம்மைக்கி உள்ளது மாதிரி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஒன்பது நாளில் அவர் பிள்ளையைத் தூக்கியதே இல்லை, எட்டிப் பார்த்ததும் இல்லை என்று பத்து வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் தூங்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாராம். சுத்தியல் சத்தம் கேட்டால் நான் கதவைச் சாத்துவதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் தட்டுகிற வேலையை முடிந்த மட்டும் நான் ஆற்றுக்குப் போகும் நேரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தாராம். நாங்கள் அழுதோம், பேசினோம், நடுவில் எதற்கோ சிரிக்கக்கூடச் செய்தோம். நீ பள்ளிக்கூடம் விட்டு நனைந்துகொண்டு வந்து சோறு கேட்டபோதுதான் உலை வைக்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. அன்றைக்கு உனக்கு அவலும் வெல்லமும் கொடுத்தேன். ரொம்ப ருசி என்று மறுநாளும் கேட்டாய்.

அதற்குப் பிறகு எனக்கு எந்தப் பேயும் வரவில்லை. சாரல் காலத்தில் வச்சிரம் பிடிக்காது என்பதால் துளையை அப்படியே விட்டு வைத்து, புரட்டாசி வெயிலில்தான் அடைத்தார். அதே கட்டையிலிருந்து ஒரு முளை இழைத்து, ஓட்டம் பார்த்து இறக்கினார். துளை மூடிவிட்டது, கறுப்பு மட்டும் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன், கொஞ்சம் வெளிறியதே தவிரப் போகவில்லை. பழக்க தோஷம், மறுபடி அரக்குச் சட்டியை எடுத்தேன். "கெடக்கட்டும்ட்டி" என்றார். வீணை முடிந்து பாட்டு டீச்சர் வந்து பார்த்தபோது அவரே குடத்தைத் திருப்பிக் காட்டி, "இந்த எடத்துல ஆணி இருந்துச்சு டீச்சர். பேய்க்கு அடிச்ச ஆணி. நாந்தான் அடிச்சேன். ஒங்களுக்கு வேண்டாம்னா வேற செஞ்சு தாரேன்" என்றார். அந்த அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "சுருதி நிக்குமா ஆசாரியாரே? அதச் சொல்லுங்க" என்றார். "நிக்கும்" என்றார் அப்பா. டீச்சர் மடியில் வைத்து வாசித்தார். எனக்குச் சங்கீதம் தெரியாது. நன்றாக இருந்தது, அழுகையும் வந்தது.

இவ்வளவும் தெரிந்தவள் உனக்கு ஏன் அந்த நாலு வரியை எழுதினாள் என்று கேட்பாய். நானும் இரண்டு நாளாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உண்மையை எழுத வேண்டுமென்றால் செண்பகத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடமாகச் சொல்லாததை எப்படிச் சொல்வது என்று வெட்கம். ஆமாம், சரியாகிவிட்டது என்று எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது. என் வெட்கத்தை மறைக்க உன் பெண்டாட்டி தலையை மரத்தோடு சேர்த்து வைக்கத் துணிந்துவிட்டேன், தம்பி. நான் செய்ததிலேயே பெரிய தப்பு இதுதான். கோமதி என்னை மன்னிக்க வேண்டும், நீயும் மன்னிக்க வேண்டும்.

கோமதிக்குக் காற்றும் இல்லை, கருப்பும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்திருக்கிறாள். அவளை எந்தத் தோப்புக்கும் கூட்டிப் போகாதே. அவள் அம்மா அடம்பிடித்தால், தனக்கு அடித்த ஆணியை எடுத்துக்கொண்டு என் அம்மா வருகிறாள், அவளிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல். பிரசவம் பார்த்த டாக்டரம்மாவிடம் ஒரு தடவை காட்டு. சாப்பிடாத, தூங்காத உடம்புக்கு அவர்கள் ஏதாவது தருவார்கள். பால் கட்டியிருக்கிறதா என்று கேட்கச் சொல், அதை யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்த வருடம் இன்னொன்று பிறக்கும் என்று அவள் காதுபட யாரையும் சொல்லவிடாதே. அப்படிச் சொன்னவர்களை எல்லாம் எனக்கு இன்றைக்கும் பெயர் பெயராக ஞாபகம் இருக்கிறது. அவள் அழுதால் நிறுத்தச் சொல்லாதே. அழவில்லை என்றால் அழவைக்கவும் பார்க்காதே.

இன்னொன்று. உன் கடிதம் மூன்று பக்கம். கோமதி என்ன செய்கிறாள், அவள் அம்மா என்ன சொல்கிறாள், லீவு எத்தனை நாள் மீதி இருக்கிறது என்று எல்லாம் இருக்கிறது. உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் பிள்ளையை நீ தூக்கினாயா? முகம் யார் மாதிரி இருந்தது? நீயும் உன் அப்பாவைப் போல எந்த ஆணி கோணியிருக்கிறது, எதை நிமிர்த்தலாம் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீ பார்த்ததை அவளிடம் சொல். உன் அப்பா அந்தக் காது மடிப்பைப் பத்து வருடம் முன்னாலேயே சொல்லியிருந்தால், எங்கள் வாழ்க்கையில் அந்தப் பத்து வருடம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நாங்கள் வருகிற வியாழக்கிழமை கிளம்புகிறோம். முழங்கால் என்ன சொன்னாலும் வருவேன் என்கிறார் உன் அப்பா. ஆணியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். கோமதியிடம் காட்ட இல்லை, அவள் அம்மா கையில் கொடுத்து, இது எங்கே இருந்தது என்று நானே சொல்ல. நாங்கள் வந்து சேருவதற்குள் நீ ஒன்றே ஒன்று செய். குழாயடியில் நின்றால் கூப்பிடாதே, நீயும் பக்கத்தில் போய் நில். பிள்ளைக்கு என்ன பெயர் நினைத்து வைத்திருந்தாய் என்று அவளிடம் கேள். இன்றைக்குச் சொல்லாவிட்டால் நாளைக்குக் கேள். சொன்னால், அந்தப் பெயரை நீயும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்.

ஊரில் எல்லாரும் என்னை உன் பெயரைச் சொல்லித்தான், உன் அம்மா என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஆனாலும் உனக்கு இரண்டு வருடம் முன்பே நான் அம்மாவாகிவிட்டேன். அதை எழுத்தில் எழுதிப் பார்க்க இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறது.

இப்படிக்கு,
செண்பகத்தின் அம்மா